போய் வருகிறேன்

வீட்டைவிட்டுப் புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்ல வேண்டும். இது நம் பெரியவர்கள் கற்றுத்தந்த வழக்கம். யாரேனும் மறந்து ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார்கள். இரண்டு வினைகள் சேர்ந்த இந்தச் சிறு சொற்றொடரை நாங்களும் பிள்ளைப் பருவம் முதல் சொல்லி வந்திருக்கிறோம். எனினும் அதன் முதற்பாதியின் பொருளை, எங்கள் மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்த முதற்பருவத்தில்தான் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்துக்கு நாங்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. எங்களைப் போன்ற குடும்பங்கள் பல இருக்கும் என்பதால் அதைப் பகிர்ந்துகொள்கிறோம்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக நத்தத்தில் சட்டை தைத்துப் பிழைப்பவர்கள். நத்தம் என்றதும் வெளியூரார் மாம்பழத்தையும் புளியையும் மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவையும் சொல்வார்கள். ஊரிலேயே இருப்பவர்கள் ரெடிமேட் சட்டையையும் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கும் தையல் எந்திரத்தின் ஓசை கேட்கும். வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி வந்து, வீட்டில் தைத்து, காஜா எடுத்து, பட்டன் கட்டி, பிசிர் வெட்டி, டஜன் கணக்கில் திருப்பிக் கொடுப்போம். கூலி உருப்படிக் கணக்கு. ஆகஸ்டு மாதம் தொடங்கித் தீபாவளிக்கு முந்தின வாரம் வரை எங்களுக்கு அறுவடைக் காலம். ஆண்டின் மற்ற மாதங்களுக்கான அரிசியும் வட்டியும் வைத்தியச் செலவும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் வந்து சேர வேண்டும். கல்லூரியின் முதற்பருவமும் அதே மாதங்களில்தான் நடக்கிறது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

2023 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் எங்கள் மகள். வேதியியலில் அவளுக்கு நல்ல மதிப்பெண். எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரி வாசலை மிதித்தவர் அதுவரை யாரும் இல்லை. மதுரையா, திண்டுக்கல்லா என்ற பேச்சு எழுந்தது. நத்தத்திலிருந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவு, 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு ஏப்ரல் 8 அன்றுதான் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டிருந்தது. ‘இனி மதுரைக்குப் பறந்து போகலாம்’ என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆனால் இடம் கிடைத்தது திண்டுக்கல்லில், ஓர் அரசுக் கல்லூரியில். வேதியியல் இளநிலை. அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

எங்கள் தாத்தா காலத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அப்போது கல்லூரிப் படிப்பு என்றால் ஊரைவிட்டுப் போய்த் தங்கிப் படிப்பதுதான். தூய வளனார் கல்லூரி 1844-இலேயே நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிவிட்டது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881-இல் வந்தது. பெண்களுக்குத் திருச்சியில் ஹோலி கிராஸ் 1923-இலும், மதுரையில் லேடி டோக் 1948-இலும், பாத்திமா கல்லூரி 1953-இலும் எழுந்தன. விடுதிக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கே சென்றார்கள். பின்னர் காந்திகிராமத்தில் 1956-இல் கிராமிய நிறுவனமும், திண்டுக்கல்லில் 1964-இல் ஜி.டி.என். கலைக் கல்லூரியும், 1966-இல் அரசு மகளிர் கல்லூரியும் தொடங்கின. 1970-இல் இயேசு சபையினர் கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரியை நிறுவினர். கல்லூரி பக்கத்தில் வந்தது. பேருந்து ஊருக்குள் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் தையற்காரன் வீட்டுப் பிள்ளை காலையில் கட்டுச்சோற்றோடு கல்லூரிக்குப் போய் மாலையில் வீடு திரும்புவது நடக்கக்கூடியதாயிற்று. டேஸ்காலர் என்ற சொல் எங்களுக்குக் கல்விக் கதவின் சாவியாகவே தோன்றியது.

விடுதியில் சேர்ப்பதா, நாள்தோறும் அனுப்புவதா என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. அரசுக் கல்லூரி மாணவிக்கு அரசுப் பேருந்தில் பயணம் இலவசம். பெண் பிள்ளை இரவில் நம் கண்முன் இருக்கும். இவையெல்லாம் நாங்கள் வாய்விட்டுச் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்தே பட்டன் கட்டுவதும் பிசிர் வெட்டுவதும் அவள் கைவேலை. ஓர் இரவில் இரண்டு டஜன் சட்டை அவள் கையால் முடிந்துவிடும். ‘பிள்ளை படிக்கவும் படிக்கும், வீட்டிலும் இருக்கும்’ என்று உறவினரிடம் பெருமையாகச் சொன்னோம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் பிழை முழுவதும் அடங்கியிருந்தது.

ஜூலை மாதம் வகுப்புகள் தொடங்கின. விடியற்காலை நான்கரைக்கு வீட்டில் விளக்கு எரியும். ஆறே முக்காலுக்கு அவள் வாசலில் நின்று ‘போய் வருகிறேன்’ என்பாள். நத்தத்திலிருந்து புறப்படும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்துவிடும். இடப்பக்கம் சிறுமலை கூடவே வரும். கோபால்பட்டியில் பாதிப் பேருந்து நிறையும். சாணார்பட்டியில் படிக்கட்டும் நிறையும். திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் இறங்கி, நகரப் பேருந்து பிடித்துக் கல்லூரி சேர ஒன்பது மணி ஆகிவிடும். மாலையில் இதே கதை தலைகீழாக நடக்கும்; திரும்பும்போது மட்டும் இடம் கிடைக்காது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்று கொண்டால் 360 மணி நேரம். இரவும் பகலுமாக 15 முழு நாள்களைப் பிள்ளை சாலையிலேயே கழிக்கிறாள் என்ற கணக்கைப் பின்னாளில்தான் போட்டுப் பார்த்தோம். துணிக்கும் நூலுக்கும் விரற்கடை பிசகாமல் கணக்குப் போடும் நாங்கள், மகளின் நேரத்துக்கு அந்தக் கணக்கை முதலிலேயே போடவில்லை.

முதல் இரண்டு வாரம் அவள் நிறையப் பேசினாள். ஆய்வகத்தைப் பற்றிச் சொல்வாள். பள்ளியில் ‘தரம்பார்த்தல்’ என்று படித்ததை இங்கே ‘டைட்ரேஷன்’ என்கிறார்களாம். குடுவையில் இருக்கும் திரவத்தில் துளித்துளியாக விட வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே ஒரு துளியில் இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும். அந்தத் துளியோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு துளி கூடினாலும் கணக்குத் தவறு. அடுப்படியில் நின்றபடி இதை அவள் கையால் செய்து காட்டியபோது நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்டு மாதம் பேச்சுக் குறைந்தது. எங்களுக்கு வேலை கூடியிருந்தது. பிள்ளைக்குக் களைப்பு என்று எண்ணிக்கொண்டோம். ஏழு மணிக்கு வந்தவள் கைகால் கழுவி, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் பட்டன் டப்பாவின் முன் உட்கார்வாள். பத்தரைக்குப் புத்தகத்தை எடுப்பாள். பதினொன்றுக்குள் தலை கவிழ்ந்துவிடும். நாங்கள் விளக்கை அணைத்துப் போர்வையைப் போர்த்திவிடுவோம். அன்பான பெற்றோர் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்ட நாள்கள் அவை.

அவளுடைய மௌனத்துக்குள் என்னென்ன இருந்தன என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. தெரிந்த பொருளே தெரியாத பெயரோடு வந்து நின்றது. விடுதிப் பிள்ளைகள் மாலையில் நூலகத்தில் சேர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிப் படிப்பார்கள். நாலேகால் மணிக்கு மணி அடித்தால் எங்கள் மகள் பேருந்துக்கு ஓட வேண்டும். வகுப்பு அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வரும். அந்தக் கைபேசி வீட்டுக்கு ஒன்று. அது பகலெல்லாம் தந்தையின் சட்டைப்பையில், துணி வாங்கும் கடையில் இருக்கும். மறுநாள் தேர்வு என்ற செய்தியை அவள் மறுநாள் வகுப்பில்தான் கேட்டிருக்கிறாள், ஒரு முறையன்று, இரண்டு முறை. நகரத்தார்க்கு அவள் ‘நத்தத்துப் பிள்ளை’. நத்தத்திலோ, உடன் படித்தவர்களில் சிலருக்குத் திருமணம் முடிந்திருந்தது. சிலர் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அவள் ‘காலேஜ்காரி’. ஞாயிறு பாடற்குழுப் பயிற்சிக்கு வர இயலவில்லை. அன்பியக் கூட்டத்தில், ‘உங்கள் பிள்ளையைக் காணவே முடிவதில்லையே, படிப்பு வந்ததும் செபம் போய்விட்டதோ?’ என்று ஒரு சகோதரி சிரித்துக்கொண்டே கேட்டார். நாங்களும் சிரித்து வைத்தோம். வீட்டுக்கு வந்து அதை மகளிடம் சொன்னோம். சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வீடு முழுவதும் சட்டைக் கட்டுகள். அன்று ஆய்வக வகுப்பு இருப்பதால் ஏழரை ஆகும் என்று சொல்லிச் சென்றிருந்தாள். ஏழரைக்கு வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசித் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். திண்டுக்கல்லிலிருந்து வந்த பேருந்துகள் ஒவ்வொன்றின் படிக்கட்டின் கீழும் நின்று இறங்குபவர்களின் முகத்தைப் பார்த்தோம். அவளோடு வழக்கமாக வரும் பிள்ளைகளில் ஒருத்தி இறங்கினாள். ‘எங்களோடு வரவில்லையே, முன்னால் வந்திருப்பாள் என்றல்லவா நினைத்தோம்’ என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்குக் கால்கள் துவண்டுவிட்டன.

எட்டே முக்காலுக்கு வந்த பேருந்திலிருந்து அவள் இறங்கினாள். உடன் ஒரு பூக்கார அம்மா. ‘பிள்ளை தனியாக நின்றது, நான்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன், திட்டாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு மழையில் நடந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களில் தாய் அவள் தோளைப் பற்றி உலுக்கி, ‘ஏன் இப்படிச் செய்தாய்? நாங்கள் இரண்டு பேரும் எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா?’ என்று கத்திவிட்டாள். மகள் அழவில்லை. ‘லேபில்தான் அம்மா இருந்தேன். வேறே எங்கே இருப்பேன்?’ என்றாள். அளவீடு மூன்று முறையும் ஒத்துவரவில்லை. முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. வெளியே வந்தபோது வழக்கமான பேருந்து போய்விட்டது. அடுத்து வந்தது தனியார் பேருந்து. அதில் இலவசப் பயண அட்டை செல்லாது, கையில் காசில்லை. கைபேசியும் இல்லை. நின்றிருக்கிறாள்.

அக்டோபர் செபமாலை மாதமல்லவா? எவ்வளவு நேரமானாலும் வீட்டில் செபமாலை சொல்லாமல் படுப்பதில்லை. ஈரத் துணியை மாற்றிக்கொண்டு முழந்தாளிட்டோம். திங்கட்கிழமை என்பதால் மகிழ்ச்சி மறையுண்மைகள். ஐந்தாவது மறையுண்மையைத் தொடங்க வேண்டியவள் மகள். காணாமற்போன சிறுவன் இயேசுவைக் கோவிலில் கண்டடைந்த நிகழ்ச்சி அது. தொடங்கியவளால் முடிக்க முடியவில்லை. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் இரண்டு தாள்களில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுதலாம். காலையில் பேருந்து பிந்திய நாள்களில் முதல் மணி வகுப்பு போய்விட்டது. கடைசியாக, ‘அப்பா, நான் நின்றுவிடுகிறேன். தீபாவளி வேலை கிடக்கிறது. என்னால் இரண்டு இடத்திலும் இருக்க முடியவில்லை’ என்றாள்.

இனிச் சொல்ல இருப்பதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் பலநாள் பேசினோம். எழுதாவிட்டால் இக்கட்டுரைக்கே பொருளில்லை என்று முடிவு செய்தோம். அவள் அவ்வாறு சொன்ன கணத்தில் எங்கள் உள்ளத்தில் முதலில் எழுந்தது வருத்தம் அன்று, ஆறுதல். இனி விடியற்காலை எழ வேண்டாம். பேருந்து நிலையத்தில் நின்று நடுங்க வேண்டாம். சட்டைக் கட்டுகள் நேரத்துக்குப் போய்ச் சேரும். ஒரு கணந்தான். ஆனால் அது வந்தது. எங்கள் இருவருக்கும் வந்தது என்பதை அன்றிரவு படுத்தபின் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தக்க பாவம் அது என்று இன்றும் நம்புகிறோம்.

உறக்கம் வரவில்லை. மரியாவும் சூசையப்பரும் சிறுவனைக் காணாமல் ஒருநாள் பயணம் நடந்த கதையை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். பிள்ளை உடன்வரும் கூட்டத்தில் இருப்பான் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள் என்கிறார் லூக்கா. அந்த எண்ணத்தில்தான் ஒருநாள் போயிற்று. உண்மையில் பிள்ளை காணாமற்போகவில்லை. பெற்றோருக்குப் பழக்கமில்லாத ஓரிடத்தில், போதகர்கள் நடுவே, கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தான். நாங்களும் அப்படித்தானே எண்ணிக்கொண்டிருந்தோம்? நாள்தோறும் இரவில் வீடு திரும்புகிறாள். ஆகவே அவள் இன்னும் எங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறாள் என்று கருதினோம். விடுதிக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் பெட்டியைக் கட்டும்போதே பிரிவை உணர்ந்துவிடுகிறார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அந்த வேலையைத் தாங்களே செய்யப் பழகிக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளையோ ‘போய் வருகிறேன்’ என்றாள். நாங்கள் ‘வருகிறேன்’ என்பதை மட்டும் கேட்டோம். அவளை நாங்கள் அனுப்பவே இல்லை. அனுப்பப்படாமலே அவள் தினமும் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எங்களில் தாய் அவளோடு பேருந்து ஏறினாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். திண்டுக்கல்லுக்குத் துணி எடுக்கவும் மருத்துவமனைக்கும் அன்றி வேறெதற்கும் போனதில்லை. கல்லூரி மதிற்சுவருக்குள் ஒரு வேப்பமரத்தடியில் மாலை வரை உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் மகள் வந்து தன் வகுப்பறை, நூலகம், ஆய்வகத்தின் சன்னல் எல்லாவற்றையும் காட்டினாள். துறை ஆசிரியை ஒருவர் தாமாகவே வந்து பேசினார். ‘முதற்பருவத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் தடுமாறுவார்கள், நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றாராம். திரும்பும்போது சாணார்பட்டி வரை நின்றுகொண்டே வந்த தாய்க்கு, இரவில் புத்தகத்தின் மேல் கவிழ்ந்த தலையின் பாரம் அன்றுதான் விளங்கியது.

அன்றிரவு வீட்டில் சில முடிவுகள் செய்தோம். அவை பெரியவை அல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை மகள் பட்டன் டப்பாவைத் தொடக் கூடாது. அந்த வாரமே இரண்டு கட்டுத் துணியைக் குறைத்து வாங்கினோம், கூலியும் குறைந்தது. கைபேசி மகளோடு கல்லூரிக்குப் போக வேண்டும். கடைக்காரருக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் தந்தை நடந்து போவார். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் சென்ற மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அந்தத் தொகையைச் சீட்டுக் கட்ட எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பு மனக்கணக்குப் போட்டிருந்தோம். அது அவள் பெயரில் வரும் பணம், அவள் கையில்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அதிலிருந்து ஒரு நூறு ரூபாய் எப்போதும் பையில் இருக்கும், தனியார் பேருந்துக்காக. அன்பியத்தில் அடுத்தமுறை அதே கேள்வி வந்தபோது, ‘பிள்ளை செபமாலையைப் பேருந்தில் சொல்கிறாள்; இங்கே நாங்கள் இருவரும் அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்’ என்று பதில் சொன்னோம். கேட்ட சகோதரியின் முகம் மாறிவிட்டது. அவரே அடுத்த வாரம் வந்து இரண்டு டஜன் சட்டைக்குப் பட்டன் கட்டிக் கொடுத்தார்.

சாலையில் கழியும் நேரத்தை நாங்கள் மீட்டுத்தர இயலாது. அதை மீட்டவள் அவளேதான். கோபால்பட்டியில் ஏறும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியும் வேதியியல்தான் படித்துக்கொண்டிருந்தாள். நத்தத்திலேயே ஏறும் எங்கள் மகள் பக்கத்தில் அவளுக்கு இடம் பிடித்துவைப்பாள். அவள் அன்றைய பாடத்தைத் தமிழில் சொல்லி, பிறகு அதன் ஆங்கிலச் சொற்களைக் கேட்பாள். கோபால்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை ஒரு வகுப்பு. சில வாரங்களில் வேறு பிள்ளைகளும் சேர்ந்து ஐவராயினர். எம்மாவுக்குப் போன சீடர் இருவருக்கும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வழிநடையில்தான் மறைநூல் விளங்கிற்று என்பதை நாம் அறிவோம். வழியும் ஒரு வகுப்பறையாகும். உடன்வரும் துணை வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று தீபாவளி. வழக்கத்தைவிடக் குறைவாகவே சம்பாதித்திருந்தோம். கிறிஸ்து பிறப்புக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தாடை எடுத்தோம். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கும் நாங்கள் பழைய சட்டையோடு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனது இதுவே முதல் முறை. அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

பருவத் தேர்வு முடிவு வந்தபோது அவள் எல்லாத் தாளிலும் தேறினாள் என்று எழுத ஆசைதான். ஒரு தாள் போயிற்று. ஆங்கிலத்தில் இருந்த துணைப்பாடம் அது. ‘அரியர்’ என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தது. உறவினர் ஒருவர், ‘இதற்குத்தானா இத்தனை பாடு?’ என்றார். மகளோ தாளை மடித்து வைத்துவிட்டு, ‘அடுத்த பருவத்தில் எழுதிவிடுவேன்’ என்றாள். எழுதினாள், தேறினாள். ஆய்வகத் தேர்வில் மட்டும் முதற்பருவத்திலேயே நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். மழையிரவில் எங்களை நடுங்கவைத்த அந்த மூன்றாவது அளவீடு வீண்போகவில்லை.

2024 டிசம்பர் 29, திருக்குடும்ப விழா. அந்த ஆண்டு வாசிக்கப்பட்ட நற்செய்தி, சிறுவன் இயேசு கோவிலில் கண்டெடுக்கப்பட்ட பகுதி. வாசகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் மூவர் கண்களும் ஒரே நேரத்தில் சந்தித்துக்கொண்டன. அந்தப் பகுதியின் முடிவை அன்றுதான் நாங்கள் சரியாகக் கேட்டோம். கண்டெடுக்கப்பட்ட பிள்ளை பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குப் பணிந்து நடந்தார். ஆயினும் அவர் போயிருந்த இடத்தை அன்னை மறந்துவிடவில்லை; விளங்காதவற்றையும் உள்ளத்தில் பதித்து வைத்திருந்தார். நாசரேத்து வீடு பழைய வீடுதான்; ஆனால் அதில் இப்போது எருசலேமுக்கும் ஓர் இடம் இருந்தது. நம் வீடுகளில் அந்த இடம் உண்டா?

நம் பங்குகளில் ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் எத்தனையோ பிள்ளைகள் முதன்முறையாக இப்படிப் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அவர்களுக்குப் பெரிய உதவிகள் தேவைப்படலாம். அவற்றைச் செய்யக்கூடியவர்கள் செய்யட்டும். எங்களைப் போன்ற எளியவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாலையில் களைத்து வரும் பிள்ளையிடம், காலையில் போனவளே திரும்பி வந்திருக்கிறாள் என்று எண்ணி வேலையை நீட்டாமல் இருக்கலாம். ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்டு, புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேட்கலாம். அன்பியத்தில் அவள் பெயரைக் குறையாகச் சொல்லாமல் மன்றாட்டாகச் சொல்லலாம்.

இதை எழுதும்போது அவள் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். கோபால்பட்டிப் பிள்ளை படிப்பு முடித்துப் போய்விட்டாள். அவள் இடத்தில் இப்போது எங்கள் மகள் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாளாம். இன்று காலையும் ஆறே முக்காலுக்கு வாசலில் நின்று ‘போய் வருகிறேன்’ என்றாள். ‘போய் வா’ என்றோம். முன்பெல்லாம் அவள் தெருமுனை திரும்புவதற்குள் நாங்கள் எந்திரத்துக்குத் திரும்பிவிடுவோம். இப்போது பேருந்து புறப்படும் ஒலி கேட்கும்வரை வாசலிலேயே நிற்கிறோம்.